சாய்கோடு

கட்டபெட்டில் உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா வாசனையில் உட்கார்ந்து
பச்சை இலைக்கு ஆப் எழுதுகிறேன்.
தராசில் சாக்கு ஏறியதும்
எடைச்சீட்டைப் படம் பிடிக்கும்.
எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பும்.
வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்த பிறகு
போனில் இருக்கும் பிரதியை அழிக்கும்.

அந்த இடத்துக்கு மேகம் என்று பெயர் வைத்தவர்
ஜூலையில் இங்கே துணி காயப்போட்டவர் இல்லை.

அங்கே போல்டர் கிடையாது.
இருப்பதுபோலத் தெரியும். கிடையாது.
ஒவ்வொரு படத்துக்கும் நீளமான ஒரு பெயர், அவ்வளவே:
உறுப்பினர் எண், சாய்கோடு,
மாதம், சாய்கோடு, தேதி, நேரம்.
சுவரே இல்லாத வீட்டில்
கதவுகளை மட்டும் நட்டு வைத்ததுபோல.

நான்காம் எண், ஜோகி கவுடர்,
தோட்டத்தை விற்றுவிட்டார்.
கணக்கு முடிஞ்சது, என் சீட்டெல்லாம் எடுத்துடுங்க என்றார்.
மூன்று வரி எழுதினேன்.
நான்கில் தொடங்கும் பெயர்களைக் கொண்டு வா.
ஒவ்வொன்றாக அழி.
எத்தனை என்று சொல்.

ஆயிரத்து இருநூற்று ஆறு, என்றது.
நல்ல விளைச்சல்தான் மனுஷனுக்கு
என்று நினைத்தபடி டீயைக் குடித்து முடித்தேன்.

வாயால் சொன்னால்
நான்கு வேறு, நாற்பது வேறு, நானூறு வேறு.
இலக்கத்தில் மூன்றுக்கும் ஒரே மூக்கு.
மூக்கைப் பார்த்து அழித்திருக்கிறது.
நாற்பது முதல் நாற்பத்தொன்பது வரை.
நானூறு முதல் நானூற்றுப் பன்னிரண்டு வரை.
நடுவில் நாற்பத்தேழு, லிங்கம்மாள்.
ஈரக்கழிவு என்று சாக்குக்கு மூன்று கிலோ
வெட்டுகிறார்கள் என்பதை
வியாழக்கிழமைக் கூட்டத்தில் காட்ட
மூன்று மாதமாகப் படம் படமாகச் சேர்த்தவர்.

நான்குக்குப் பிறகு ஒரு சாய்கோடு.
அதுதான் விட்டுப்போனது.
தேயிலை, பாதை,
பஸ்ஸில் நிற்பவர்கள், காற்றடித்தால் மழைகூட
சாய்ந்தே இருக்கும் ஊரில்
ஒரு சாய்வை மறந்தேன்.
அகராதியில் கோடு என்றால் மலைமுகடு.
கோணிப்போவதும் கோடுதல்தான்.

அழித்ததை முப்பது நாள் வைத்திருக்கும் வசதிக்கு
மாதம் நூற்றுச் சொச்சம்.
வேண்டாம் என்று டிக்கை எடுத்தவன் நான்.

அப்போதுதான் யோகராணி ஞாபகத்துக்கு வந்தார்.
கூக்கல்தொரைக்குக் கீழே, பள்ளத்தில்,
இலை நிறுக்கும் யோகராணி.
போன் நெறஞ்சு வழியுது சார், ஒண்ணும் மேல போகல
என்று ஐந்து முறை செய்தி அனுப்பியவர்.
சிக்னல் வரும்போது போயிடும்
என்று ஐந்து முறையும் ஒரே பதிலை ஒட்டியிருந்தேன்.

பதில் வராமல் பிரதியை அழிக்காது என் ஆப்.
அந்தப் பள்ளத்துக்குப் பதில் வந்ததே இல்லை.

அவர் போனில் அறுநூற்றுப் பதினெட்டு படங்கள்
வரிசையில் நின்றன.
வாங்கிக்கொண்டு மேடு ஏறினேன்.
பின்னாலேயே அவரும் வந்தார்,
போனைத் தனியாக விட மனசில்லாமல்.
மொட்டைப் பாறையில் இரண்டு கோடு சிக்னல்.
ஒன்று போனது. நின்றது. இன்னொன்று போனது.
அட்டை கடித்ததை அவர்தான் முதலில் பார்த்தார்.

லிங்கம்மாளின் சீட்டுகளில் முப்பத்தொன்று திரும்பி வந்தன.
ஜூன் வரவில்லை.
ஜூனில் அவர் மேல் நிலையத்தில் போட்டாராம்,
அங்கே சிக்னல் நன்றாக இருக்கும்.

ஜூன்லதாம்ப்பா நல்ல மழை, என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

ராத்திரி, நான்குக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டேன்.
பிறகு, பிரதியை அழிக்கும் வரியைத் தேடிப் போய்
அதன் தலைமாட்டில் இரண்டு.
இரண்டு சாய்கோடு முன்னால் நின்றால்
அந்த வரியை மெஷின் படிக்காது.

காலையில் ஆறாவது செய்தி வந்திருந்தது.
சார், மறுபடியும் நெறஞ்சிருச்சு.