அங்கே

சயான் ஆஸ்பத்திரி. டாக்டர் பெண்
மராட்டியில் கேட்கிறாள், எங்கே அரிப்பு?
மீன்காரியோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய
என் மராட்டியில் அந்த இடத்துக்குச் சொல் இல்லை.
தமிழிலும் யாரிடமும் சொன்னதில்லை.
அங்கே, என்றேன்.

மருந்துக்கடைப் பையனிடம் தொடை என்று பொய் சொல்லி
வாங்கிய களிம்பு
எரிச்சலை ஏற்றியதுதான் மிச்சம்.
தாராவிக் கழிப்பறை வரிசைக்குப் பயந்து
நாலு மணிக்குமேல் தண்ணீர் தொடுவதில்லை.
அதையும் சொன்னேன், பாதி சைகையில்.

சீட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டைச் சுழித்தாள்.
இது இறங்காமல் அது போகாது.
தண்ணீர் குடி, அடக்காதே.
எங்கே போக என்று நான் கேட்கவில்லை,
அவளுக்கும் தெரிந்திருக்கும்.

எழுந்தபோது குரலைத் தாழ்த்தி,
வீட்டுக்காரருக்கு?

வராந்தாவில்
என் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.
அவருக்கும் ஏழு வருஷமாய்ச் சர்க்கரை.
மூன்று வாரமாய் நடுராத்திரி
சுவர்ப்பக்கம் திரும்பிச் சொறிவதை
தூங்குகிறவள்போல் கேட்டுக் கிடக்கிறேன்.

நேரே கவுண்டருக்குப் போனேன்.
இன்னொரு கேஸ் பேப்பர்.
பெயர் என்றான்.
புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்: சுடலைமுத்து.
என்ன வியாதி?
சர்க்கரை.
மற்றதை அவரே சொல்லட்டும்.