கட்டுப்பாட்டுக் குழு

தலையில் மஞ்சள் போட்டது பதினொன்று.
முதுகில் போட்டது பன்னிரண்டு.
வாலில் போட்டதை எண் சொல்லாமலே தெரியும் எனக்கு.
பிக்ரிக் அமிலம், சோப்புக்குப் போகாது.
மத்தியானம் சோறு பிசையும்போதும்
விரல் நுனியில் அதே மஞ்சள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி.
கிலோவுக்கு முப்பத்தைந்து மில்லிகிராம்,
ஒன்றும் செய்யாத அளவு.
ஒன்றும் செய்யவில்லைதான்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு உமியில் போய்ப் படுத்தது.
அளவைக் கூட்டவேயில்லை.
ஒன்பதாம் ஊசிக்குக் காது துடித்தது.
நோட்டில் எழுதினேன்: ஒன்று.

"சிலுப்பிருச்சும்மா, சம்மதம் குடுத்துருச்சு"
என்றார் கூண்டு கழுவும் திம்மராயன்.
பாப்பாரப்பட்டியில் அவர்கள் கிடாய்க்குத்
தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்களாம்,
உடம்பை உதறும்வரை.
எங்கள் நெறிமுறைப் படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

பன்னிரண்டாம் ஊசிக்கு
முன்னங்கால்கள் தறிபோல் ஓடின.
கவிழ்ந்தது.
ஐந்து.
முப்பத்தெட்டு நொடி.
எழுந்ததும் முதலில் தீவனத்தைத்தான் மோந்தது.

மூளைக்குள் 'போதும்' என்று சொல்ல
காபா இருக்கிறது.
சொன்னால் ஆயிற்றா, கேட்க ஏற்பி வேண்டும்.
ஓயாமல் அதிரும் செல்
தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்,
ஆமை தலையை இழுப்பதுபோல
என்று ஆய்வேட்டில் எழுதி, அடித்துவிட்டேன்.

தர்மபுரியில் ஆறு இருபது பஸ்.
தொப்பூர் இறக்கத்தில் எங்களைத் தாண்டியது
டீசல் மிச்சம்பிடிக்க நியூட்ரலில் விட்ட ஒரு லாரி.
ஜன்னலெல்லாம் பிரேக் கருகும் வாசம்.
கண்டக்டர் சில்லறை எண்ணுவதை நிறுத்தினார்.
மறுநாள் பேப்பருக்கு எப்போதும் ஒரே வரி:
கட்டுப்பாட்டை இழந்த லாரி.
ஒரு நொடியில் இழந்ததுபோல் எழுதுவார்கள்.
லைனிங் எத்தனை மிதிக்குத் தேய்ந்ததென்று
யார் நோட்டுப் போட்டார்கள்?

மூளையைச் சீவி, சாயமிட்டு, எண்ணினேன்.
ஓரிடத்தில் ஏற்பிகள் குறைந்திருந்தன,
எதிர்பார்த்ததுதான்.
பல்மடிப்பில் கூடியிருந்தன.
"சாயம் தூக்கலா இருக்கும், திருப்பிப் பாரு"
என்றார் வழிகாட்டி.
மூன்று தடவை பார்த்தேன்.
அத்தனை வலிப்புக்கும் நடுவே
எங்கோ ஒரு வளைவில்
யாரும் கேட்காமல்
அது புதுப் பிரேக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
எங்கே என்று பார்க்க
நான் அதை நிறுத்தவேண்டியிருந்தது.

எதோடு ஒப்பிட்டுக் கூடியது என்று கேட்பீர்கள்.
ஆறு எலிகள்,
மஞ்சளே படாதவை.
அதே நாட்களில் அதே ஊசி,
உள்ளே உப்புத்தண்ணீர் மட்டும்.
அவற்றையும் அதே வெள்ளிக்கிழமைதான் முடித்தோம்.

அவை ஒன்றுகூடச் சிலுப்பவில்லை.