சுணை

என் கணக்குப்படி
மாசி பதினைந்துக்குள்
நூற்றுப் பன்னிரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும்.
படுத்தது முப்பத்தொன்பது.

திருவாரூர் அலுவலகத்தில்
மின்விசிறி மட்டும் ஓடும் அறையில்
திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
எல்லா ஒன்றியமும் ஏறுகிறது.
கோட்டூர்க் கோடு மட்டும்
தண்ணீர் திறக்காத மாதத்து வாய்க்கால் மாதிரி
தரையோடு கிடக்கிறது.

ஆள் விட்டுப்போயிருக்கும்,
திரும்ப எண்ணச் சொல்லுங்க என்றார் மேலதிகாரி.
சுகாதார ஆய்வாளர் இஞ்ஞாசிமுத்து திரும்ப எண்ணினார்.
நாற்பது.
விட்டுப்போன அந்த ஒருவர்
வேதாரண்யத்தில் மகள் வீட்டில் இருந்தாராம்.

எனக்குத் தெரிந்த சூத்திரம் இவ்வளவுதான்:
துணி பாதியைத்தான் மறிக்கும்.
விடுகிற வாயில் ஒன்று,
இழுக்கிற மூக்கில் ஒன்று.
அரையும் அரையும் ஒன்று என்பது மரக்கால் கணக்கு.
மூச்சுக்குக் கூட்டல் கிடையாது, பெருக்கல்தான்.
அரையில் அரை
கால்.
ஊரில் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று
ஓர் எண் கொடுத்துவிட்டால்
மீதியை இயந்திரம் ஓட்டிக் காட்டும்.
கோட்டூருக்கு நான் கொடுத்தது
நூற்றுக்கு நான்கு.
கேட்டபோது அப்படித்தான் சொன்னார்கள்.
மாஸ்க் போடுறீங்களா?
இல்லீங்க.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

கொள்முதல் நிலையத்தில்
பாதி தார்ப்பாய்க்கு வெளியே சம்பா நெல்.
தூற்றும் இயந்திரம் கத்துகிறது.
சுணை பறந்து வந்து
என் கழுத்தில் உட்கார்ந்து அரிக்கிறது.
மூட்டை தூக்குகிறவர்கள், சாக்குத் தைக்கிறவர்கள்,
ஈரப்பதம் பார்க்கும் பையன்,
ஐந்து நாளாய் டோக்கனோடு நிற்கும் விவசாயிகள்
எல்லாருக்கும் கண்ணுக்குக் கீழே
ஈரத்துண்டு.
மூன்று மடிப்பு.

போடுறதில்லைன்னு சொன்னீங்களே?

துண்டுக்குள்ளிருந்து செல்லக்கிளி சொன்னாள்:
இது சுணைக்குங்க.

என் கேள்வித்தாளில்
துண்டு என்ற சொல்லே இல்லை.

நூற்றுக்குத் தொண்ணூறு என்று மாற்றி
ராத்திரி ஓட்டிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வந்தது.
இப்போது குறைகிறது.
பாக்கிப் பதினெட்டுப் பேருக்கு
எங்கே போய்த் தொற்றியது?

மறுபடி போனேன். பதினொரு மணி.
இயந்திரம் நின்றது.
அத்தனை துண்டும் ஒரே சமயத்தில்
கழுத்துக்கு இறங்கியது.
ஒரு தூக்குவாளி, நான்கு டம்ளர்.
முட்டிக்கு முட்டி இடிக்க வட்டம்.
எடை எழுத்தரின் புது மீசையைப் பற்றி
யாரோ ஏதோ சொல்ல
ஒருத்தருக்குப் புரை ஏறி, இருமி,
இன்னும் சிரித்தார்கள்.
எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.
மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குடித்தேன்.
சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

சூத்திரத்தில் அதற்கு ஓர் எழுத்து சேர்த்திருக்கிறேன்.
ட.
பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை.
நாற்பதுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

பங்குனியில் நெல் வரத்து நிற்கும்.
சுணை அடங்கும்.
துண்டெல்லாம் தோளுக்குப் போய்விடும்.
அந்த வாரத்துக்கான கோட்டை
இன்னும் நான் வரையவில்லை.