தணிக்கைக் குறிப்பு பதினான்கு: விளக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,
நூற்றிநாற்பது கிலோ சீனி
ஒரு விலங்கியல் துறைக்கு எதற்கு என்று
சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள்.

ஆனியில் களியல் பக்கம் வந்து பாருங்கள்.
ரப்பர் காட்டில் மழை
நின்று பெய்யும், நடந்து பெய்யும், உட்கார்ந்தும் பெய்யும்.
தேன் தந்த தளிரெல்லாம் முற்றி
வெறும் இலையாகிவிடும்.
மாசியில் தேன் எடுத்தவன்
ஆனியில் சீனி கரைத்து வைக்க வேண்டும்.
இது ராஜையனுக்குத் தெரியும்.
உங்கள் கையேட்டில் இல்லை.

அடுத்த கேள்வி.
இருப்பேட்டில் பன்னிரண்டு கூடு,
நேரில் எண்ணியபோது ஐந்து.
ஏழின் விலையை
என் சம்பளத்தில் பிடிக்கலாமா என்கிறீர்கள்.

ஒன்று பறந்து போய்விட்டது.
களவல்ல, அதனால் புகார் கொடுக்கவில்லை.
ராணி எழுந்தாள், பின்னால் எல்லோரும் எழுந்தார்கள்.
பூட்டும் சாவியும் என் கையில் இருந்தன.

மற்ற ஆறும் செத்தன.
புழு நீர் கோத்துப் பையாகி,
தலை நிமிர்ந்து, தோணிபோல் காய்ந்து,
அறை அறையாக.
அதில் மூன்று, மருந்து கொடுத்தும் செத்தவை.
மூன்று, மருந்து கொடுக்காமல்
நான் சாகவிட்டவை.

இந்த இடத்தில்தான் உங்கள் பேனா நின்றிருக்கிறது.
ராஜையனும் இங்கேதான் நின்றார்.
"கையில மருந்த வச்சிட்டு
நோக்கிட்டு நிக்கியளே டீச்சரே,
ஒங்களுக்கு மனசு உண்டா?"

உண்டு.
அன்றைக்கு அதைக் குடையோடு சேர்த்து
வாசலில் சாய்த்துவிட்டு வந்தேன்.

ஆறில் மூன்று. ஆறில் மூன்று.
பறந்துபோன கூட்டையும் செத்ததாக எழுதியிருந்தால்
மருந்து கொஞ்சம் ஜெயித்திருக்கும்.
எழுதவில்லை.
மார்த்தாண்டம் சந்தையில்
குப்பி முந்நூற்றைம்பது ரூபாய்க்கு விற்பது
பச்சைத்தண்ணீருக்குச் சமம்.
மூன்று வருடத்தில் நான் கண்டது இவ்வளவுதான்.
'பயன்' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று
குமாஸ்தா தானாகவே நிரப்பிவிட்டார்.

அறிவியல் நாளுக்கு வந்த சிறப்பு விருந்தினர்
எல்லாம் முன்னோர் அன்றே அறிந்தது என்றார்.
அடுத்த மூச்சில் உலகத்தரம் வேண்டும் என்றார்.
உலகத்தரம், ஏழு முறை.
எண்ணுவது என் தொழில்.
எட்டாவதற்கு வாய் திறந்தபோது
மைக் அணைந்தது.
மாடியில் என் உறைபெட்டியும் அணைந்தது.

குழித்துறையில் மீன் விற்கும் லில்லிபாயிடம்
இரண்டு கூடை ஐஸ் வாங்கி,
சாளை வாசத்தோடு
மாதிரிகளைப் புதைத்தேன்.
'மீன் ஐஸில் விஞ்ஞானம்: பேராசிரியை சாதனை' என்று
பத்திரிகையில் படம் வந்தது.
கல்லூரி முதல்வர் சட்டம் போட்டு மாட்டினார்.
ஐயா, அது சாதனை அல்ல.
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் கேட்ட என் கடிதம்
அந்தப் படத்துக்கு நேர் கீழே
இரண்டாவது இழுப்பறையில் கிடக்கிறது.

போன வாரம் களியலுக்குப் போனேன்.
ராஜையன் குப்பி வாங்குவதை நிறுத்தவில்லை.
நிறுத்தினால் உறக்கம் வராதாம்.
ஆனால் ஓரத்தில் நாலு பெட்டிகளில்
கரிக்கட்டையால் ஒரு குறுக்குக் கோடு.
"அதுல ஊத்தல்ல.
என்னதான் ஆவுதுன்னு நானும் எண்ணிப் பாக்கேன்."
ரப்பர் ஷீட் கணக்கு எழுதிய பழைய நோட்டு,
பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்.
தேதி போட்டு.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, சீனி.
நூற்றிநாற்பதில் நூற்றிமுப்பத்தொன்பதரை
தேனீக்கள் தின்றன.
மீதி அரைக்கிலோ
மழை விடாத ராத்திரிகளில்
நானும் காவலாளி தங்கசுவாமியும்
குடித்த கட்டன்சாயா.
ஒப்புக்கொள்கிறேன்.
பிடித்தம் செய்துகொள்ளவும்.