இடது கால்

பெரிய வியாழன் இரவு
டூங்காபி சாரணர் மண்டபத்தில்
ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின்,
ஏழு டாலருக்கு இரண்டாக வாங்கிய வெள்ளைத் துண்டுகள்,
முழங்காலில் நான்.
ஒருவரும் வரவில்லை.

ஆராதனைக்கு வந்திருந்தார்கள், முப்பத்தொரு பேர்.
காலைக் கழுவக் கொடுக்கத்தான் ஆளில்லை.
எமர்சன் தன் காலுறையைக் குனிந்து பார்த்தார்;
பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.
ஞானப்பூ அக்கா சேலைக் கரையைக்
கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார்.
கோழி வெட்டும் தொழிற்சாலையின் குளிரறையில்
பத்து மணி நேரம் நிற்கிற கால்கள் அவை.
ஒரு பிள்ளை சிரித்தது,
தாய் கிள்ளினாள்,
பேசினில் நீர் ஆறியது.
எழுந்து ஒரு ஜெபம் சொன்னேன்.
எனக்கே கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம்
ஸ்டியரிங்கிடம் பிரசங்கித்தேன்:
பேதுருவும்தான் முதலில் மறுத்தான்.
வெட்கம் என்பது பெருமையின் தங்கை.
கழுவ விடுவதற்கும் தாழ்மை வேண்டும்.
நல்ல வாக்கியங்கள்.
சிவப்பு விளக்கில் நின்றபோது
ஒன்றைக் குறித்தும் வைத்தேன்.

குறிக்காமல் விட்டது இது:
துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டபோது
மண்டபத்துக் கழிப்பறைக் கண்ணாடியில்
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்,
சரியாக விழுகிறதா என்று.

ஈஸ்டர் திங்கட்கிழமை
பிளாக்டவுன் முதியோர் இல்லத்தில் எனக்குக் காலை வேலை.
விடுமுறை நாள், கூலி கூட.
அதையும் ஆண்டவர் அறிவார்.
ஒன்பதாம் அறையில் கொலின்,
முப்பது வருடம் சரக்கு ரயில் ஓட்டியவர்,
கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்.
இடது காலில் இரண்டு விரல்களைச்
சர்க்கரை கொண்டுபோய்விட்டது.

காலை நீருக்குள் வைத்ததும்
"இயேசு கிறிஸ்துவே!" என்று கத்தினார்.
சூடு.
ஆழாக்கு குளிர்நீர் கலந்தேன்.
அந்த வாரத்தில் நான் கேட்டவற்றுள்
உள்ளத்திலிருந்து வந்த கூப்பிடுதல் அதுதான்.
என்னுடைய நாற்பது நாள் உபவாச ஜெபங்களையும்
சேர்த்தே சொல்கிறேன்.

கழுவி முடித்துக்
காலைத் துண்டில் சுற்றிவிட்டு எழப்போனேன்.
"எங்கே போகிறாய்? விரலிடுக்கைத் துடை.
ஈரம் நின்றால் புண்.
புண் வந்தால் மிச்சமும் போகும்."
மறுபடி குனிந்தேன்.
இருக்கிற மூன்று விரல்களுக்கு நடுவே,
இல்லாத இரண்டின் தழும்பு மேலே,
துண்டின் முனையை முறுக்கி
ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன்.
அவர் தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்த்தார்.
என்னைப் பார்க்கவே இல்லை.
மூன்று நிமிடம் இருக்கும்.
நானும் என்னைப் பார்க்கவில்லை.

மதியம் காரில் உட்கார்ந்து
சோற்றுப் பெட்டியைத் திறக்கும்போதுதான் உறைத்தது.
அந்த மேல்வீட்டறையில்
அவர் கழுவியதோடு நிறுத்தவில்லை,
துடைத்தும் விட்டார்.
பன்னிரண்டு பேர், இருபத்துநான்கு கால்,
யூதாஸின் இரண்டும் சேர்த்து.
விரலிடுக்கு எத்தனை என்று எண்ணத் தொடங்கி
விட்டுவிட்டேன்.
இருபத்திரண்டு வருடமாக
தண்ணீரைப் பற்றியே பேசியிருக்கிறேன்.
துண்டு என் பிரசங்கங்களில்
ஒரு நாடகச் சாமானாக மட்டும் வந்துபோயிற்று.

இதை அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று
கை பேனாவைத் தேடியது.
கொஞ்ச நேரம் தேடவிட்டு
சாப்பிட்டேன்.
பருப்பில் உப்பில்லை.

ஞாயிறு, நாற்காலிகளை அடுக்கும்போது
எமர்சன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:
"அடுத்த வருஷம் முன்னமே சொல்லிவிடுங்கோ பாஸ்டர்.
நல்ல காலுறை போட்டுக்கொண்டு வாறன்."
கிழிந்ததோடேயே வாருங்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
துண்டு வாங்கிய அதே கடையில்
அதே ரசீதில்
கறுப்புக் காலுறை ஒரு சோடி,
எனக்கு,
அந்த வியாழனுக்கென்று.