எடுக்கட்டா

அருமனைச் சந்தைக்கு மேலே
ரப்பர் ஷீட் குடோனின் பின்னறையில்
மூன்று அடுக்காய்த் தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவே
என் ஸ்டுடியோ.
புகையேறிய பால்நாற்றம் சட்டையை விட்டுப் போகாது,
ஆனால் சத்தம் சுவரில் முட்டித் திரும்பாது.
இப்படியோர் அறை திருவனந்தபுரத்தில்
மணிக்கு ஆயிரத்து இருநூறு.

பகலில் கூட்டுறவு வங்கி, நகைக்கடன் பிரிவு:
கம்மலின் எடை, கல்லின் எடை கழித்து.
இரவில் நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு துடிப்பு.

ஏழு நிமிடம் இருபது நொடி.
அதில் மனிதக் குரல் ஒரே ஒரு சொல்.
"எடுக்கட்டா?"

லிபிஷா கேட்டது, சித்தப்பா மகள்.
முற்றத்துக் கொடியில் ஷீட் கிடந்தது,
மேற்கே கருத்திருந்தது,
மைக் திறந்திருப்பது தெரியாமல்
சன்னல் வழியே கேட்டாள்.
கடைசி எழுத்தை அவள் நீட்டிய நீட்டில்
ஒரு முழு ராகத்துக்கு இடம் இருந்தது.
நான் பதில் சொல்லவில்லை.
அன்று நாற்பது ஷீட் நனைந்தது.

திட்டு வாங்கிய சூட்டோடு
அந்தச் சொல்லுக்கு அடியில் நாலு கார்ட்ஸ் வைத்தேன்.
நடுவில் டிரம் எல்லாம் நின்றுபோகும்,
அவள் மட்டும் கேட்பாள்.
பிறகு முப்பத்திரண்டு பார் ஏற்றம்,
ஏற்றம், ஏற்றம்,
பிறகு அணையில் ஷட்டர் தூக்கியது மாதிரி.

வெளிநாட்டில் ஒரு சின்ன லேபிள் வெளியிட்டது.
எட்டு மாதம் கழித்து ரீமிக்ஸ்கள் வந்தன.

ப்ராக் நகரத்துக்காரர் மந்திரம் என்று நினைத்துவிட்டார்.
கீழே தம்பூரா, மேலே கோயில் மணி.
ஷீட்டை எடுக்கட்டா என்று கேட்டவள்
இமயத்தில் நிற்கிறாள்,
செருப்புகூட இல்லாமல்.

ஓஸ்லோக்காரர் துண்டு துண்டாக நறுக்கியிருந்தார்:
டா டா எடுடா
எடுடா டா.
எங்கள் ஊரில் அது சண்டைக்கு அழைப்பது.

ஒருவர் அவளை ஆறு சுரம் இறக்கி ஆணாக்கினார்.
ஒருவர் அவளை எடுத்தே விட்டார்,
அந்த இடத்தில் புல்லாங்குழல்.
அதுதான் அதிகம் ஓடுகிறது.

ஐந்தாவதில் தவறு என்னுடையது.
சுத்தம் செய்த கோப்புக்குப் பதிலாக
பச்சைக் கோப்பை அனுப்பியிருக்கிறேன்.
அதில் அவள் வாய் திறக்கும் முன்னால்
நாய், குக்கர் விசில்,
வளைவில் திரும்பும் மீன்காரர் ததேயுஸின் ஹாரன்.

சாவோ பாவ்லோவில் யாரோ ஒரு பெண்
நாயை விட்டாள், குக்கரை விட்டாள்,
ஹாரனைப் பிடித்துக்கொண்டாள்.
இழுத்து, மங்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
ஆறு நிமிடத்துக்குக் கடல் செய்திருந்தாள்.

எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது.
கடல் எங்களுக்கு அந்த ஹாரன்தான்,
காலை எட்டேகாலுக்கு,
சாளையோ நெத்திலியோ.
அவளுக்கு எப்படித் தெரிந்தது?
நான் இரண்டு இரவு உட்கார்ந்து
துடைத்தெடுத்தது அதைத்தானே.

லிபிஷாவுக்கு அனுப்பினேன், மஸ்கட்டுக்கு.
நைட் டியூட்டி முடிந்து பதில் வந்தது:
"சாளை இப்ப என்ன வெல?"

இடவப்பாதி தொடங்கிய வாரம்
ததேயுஸை நிறுத்தி
ஒரு காதில் மாட்டிவிட்டேன்.
ஐஸ் பெட்டிமேல் கைவைத்தபடி
ஆறு நிமிடமும் கேட்டார்.
பின்னால் நாலு பேர் சட்டியோடு நின்றார்கள்.
"கொள்ளாம் மக்களே" என்று கழற்றித் தந்தார்.
"ஆனா இது பழைய ஹாரனாக்கும்.
குருத்தோலைக்கு முன்னயே மாத்தியாச்சு."

அழுத்திக் காட்டினார்.
அரைச் சுரம் மேலே.
நுனியில் ஒரு கரகரப்பு.

இன்னொருக்கா, என்றேன்,
போனில் பதிவைத் தட்டிவிட்டு.
அதற்குள் மேற்கே கருத்துவிட்டது.

அந்தக் கோப்பில் இப்போது இருப்பது:
புது ஹாரன் இரண்டு தடவை,
அரைக் கிலோவுக்குச் சில்லறை,
"எங்க ஓடுதிய, மீன வாங்கீட்டுப் போங்க",
என் செருப்பு,
கொடியிலிருந்து ஷீட் ஒவ்வொன்றாய் உருவும் சத்தம்,
ஒரே தாளமாய் இல்லை,
அப்புறம் ஓட்டின்மேல் மழை.