இது எத்தனை மணிக்கு

வரைபடத்தில் உங்கள் வீடு பச்சை, நார்மந்தாக்.
நான்தான் பூசினேன்.
நிறுத்தத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள்
யார் குடியிருந்தாலும் பச்சை,
அப்படியொரு விதி எங்கள் அலுவலகத்தில்.
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
எண்ணூற்றுச் சொச்சம் வட்டக் கூடாரங்களை
ஒரே மாலையில் பச்சையாக்கிவிட்டுத்
தேநீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.
ஈர விரலால் உங்கள் வீட்டைத் தொட்டுக் கேட்டீர்கள்:
"இது எத்தனை மணிக்கு?"

வரைபடத்துக்கு மணி கிடையாது என்றேன்.
"எங்கள் மேட்டுக்கு உண்டு."

வாய் அடைத்துப்போய்
அன்றிரவு உங்களோடு கிளம்பினேன்.
உங்களுக்கு வேலை முடிவது ஒன்பது நாற்பது.
உங்கள் தடத்தில் கடைசி வண்டி ஒன்பதரை.
அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுப் பார்த்தீர்களாம்.
துப்புரவு ஒப்பந்தக்காரர்
போக்குவரத்து அலுவலகத்தில் கேள் என்றாராம்.
நீங்கள் தினமும் துடைப்பதே
அந்த அலுவலகத்தைத்தானே.

வேறு வண்டி பிடித்துச் சந்தை முனை வரை.
பிறகு நடை.
மைனஸ் இருபத்தெட்டு.
மூக்கின் முடிகள் உறைந்து ஊசியாயின.
நிலக்கரிப் புகையில் தெருவிளக்குகள்
இருக்கும் இடத்தை மட்டும் காட்டின, வழியை அல்ல.

"ஜூனில் வண்டி உச்சி வரை ஏறும்,
இறங்கினால் எட்டு நிமிடத்தில் வீடு.
பனி இறுகியதும் புரேவ்
ஒன்றரை கிலோமீட்டர் கீழேயே திருப்பிவிடுவார்.
ஓட்டுநரைச் சொல்லிக் குற்றமில்லை.
ஒருமுறை வண்டி பின்னால் வழுக்கியபோது
எங்களைவிட அவர்தான் உரக்கக் கத்தினார்."

செப்டம்பரில் பள்ளி திறந்துவிட்டால்
காலை ஏழு மணிக்குக் கதவு மூடாதாம்.
இரண்டு வண்டியை விட்டு
மூன்றாவதில் ஒற்றைக்காலை வைப்பீர்களாம்.
ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாக வரும்,
"ஞாயிறு எனக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது?"

நாய்கள் வந்தன.
"கல் வேண்டாம், எடுப்பதுபோல் குனிந்தால் போதும்."
போக்குவரத்துத் துறையின் வரைபடப் பிரிவு
நடுத்தெருவில் மூன்று முறை குனிந்தது.

உச்சியில், பனி மூடிய நிறுத்தப் பலகைக்கு நேர் எதிரே
ஒரு மரக்கதவு.
ஊன்றுகோல் சோல்மோனின் வீடு என்றீர்கள்.
நவம்பரில் உள்ளே போனால்
மார்ச்சில்தான் மேட்டைவிட்டு இறங்குவாராம்.
நிறுத்தத்துக்கும் அவர் வாசலுக்கும் பதினான்கு அடி.
என் கணக்கில்
நகரத்திலேயே அடர்ந்த பச்சை அவர் வீடு.

உங்கள் அடுப்பு அணைந்திருந்தது.
பற்றவைத்து, ஒரு கோப்பை தந்து,
"நீங்கள் எப்படித் திரும்புவீர்கள்?" என்றீர்கள்.
அதை நான் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் புதிய கோப்பு ஒன்று திறந்தேன்.
மேலே எழுதினேன்: ஜனவரி, இரவு ஒன்பது நாற்பது.
ஓடாத வண்டிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன்.
ஏறாத மேடுகளை நீக்கினேன்.
நடுவில் இரண்டு பெரிய சாலைகள் மட்டும்
பச்சை நரம்பாக மிஞ்சின.
மற்றதெல்லாம் வெறும் வெள்ளை.

மேலாளர் எட்டிப் பார்த்தார்.
கோப்பு கெட்டுவிட்டதா என்று கேட்டார்.

நடைவழியில் வாளி உருளும் ஓசை.
மணி ஒன்பது முப்பத்தொன்று.